இடது செருப்பு

1991இல் ஒரகடத்தில் எங்கள் கால்பந்து கிளப்புக்கு நான் செயலாளர். பந்தை ஒருநாளும் உதைத்ததில்லை.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர் ஒல்லியானவர், குனிந்தே நடப்பார். கோயில், சர்ச், டியூஷன் என்று எந்த வாசலிலும் நின்று, கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்ப்பார். இடது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்திருந்தால், வழியில் கிடக்கும் கல்லை இடது காலால் எத்துகிறவன் என்று கணக்கு. அவன் வெளியே வரும்வரை காத்திருப்பார். எங்களிடம் இடப்பக்கம் ஆட ஆளில்லை.

"இந்த வருஷமும் தோத்தா கமிட்டி உங்களை மாத்திடும். மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தனைக் கூட்டிக்கினு வாங்க" என்றேன்.

"அவன் ஒரு மேட்ச் ஆடிட்டு பஸ் ஏறிடுவான் சார். நம்ம ஊர்லயே நாலு பேரைப் புடிச்சு வெச்சிருக்கேன். மூணு வருஷம் குடு, அப்பால பாரு."

"அதுக்குள்ள உங்களை அனுப்பிட்டா?"

"நான் போனா இன்னா? அவனுங்க இங்கதான இருப்பானுங்க."

சொல்லிக்கொண்டே என் செருப்பைப் பார்த்துச் சிரித்தார். "உன்ன இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி பாத்திருக்கணும் சார்."

அன்றே அவருக்கு மூன்று ஆண்டு கேட்டு கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். வீடு திரும்பும் வழியில் ஒரு கல் கிடந்தது. யோசிக்காமல் எத்தினேன். இடது கால்தான் போயிற்று.