என் கால் அளவுக்குக் கட்டிய சைக்கிள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. செம்பூரில் சொந்தக் கட்டடம், பட்டறை, இரண்டு லாரி, வாசலில் கார், எல்லாம் இந்தக் கையால் வந்தவை. ஆனால் இதுவரை என்னிடம் இருந்த வண்டிகளில் எது உசத்தி என்று யாராவது கேட்டால், தாராவியில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது நானே கட்டிய சைக்கிளைத்தான் சொல்வேன். அறுபதுகளில் பம்பாயில் எங்கள் ஆட்களில் ஒருவனிடமும் அப்படி ஒரு வண்டி இருந்ததில்லை. இந்த வயதிலும் என் கால் அதைக் கேட்கிறது.

அதில் ஃபிரீவீல் கிடையாது. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் கால் நிற்கும், வண்டி தன்பாட்டுக்கு உருளும், பின்சக்கரம் கிர்ரென்று சத்தம் போடும். என் வண்டியில் சக்கரமும் பெடலும் ஒன்றாகக் கட்டிப்போட்டது மாதிரி. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். இறக்கத்தில்கூடக் காலுக்கு ஓய்வில்லை. வேகத்தைக் குறைக்கப் பெடலைக் காலால் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். நான் பிரேக்கே மாட்டவில்லை. காலே பிரேக். சத்தம் என்பதே இருக்காது. ரோடு என்ன சொல்கிறது என்பது அப்படியே உள்ளங்காலில் தெரியும். இதை ஓட்டாதவனுக்கு எப்படிச் சொன்னாலும் விளங்காது.

அப்போது எனக்குக் குர்லாவில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு இரும்புக் கட்டில் செய்கிற பட்டறை. குழாயையும் குழாயையும் பித்தளை உருக்கி ஒட்டுவது என் பாடு. என் ஒட்டில் இன்றுவரை ஒன்றுகூட விட்டதில்லை. ஒருநாள் மாட்டுங்காவிலிருந்து ஒரு பார்சிக்காரர் ஃபோர்க் விரிசல் விட்ட ஒரு சைக்கிளோடு வந்தார். பழைய பந்தயக்காரர். சைக்கிள் கடைக்காரர்கள் யாரும் அதைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் ஒட்டிக் கொடுத்தேன். ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கி ஏறி, பத்தடி போய், பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் என் காலைத் தூக்கி எறிந்தது. முட்டியில் தோல் பெயர்ந்துவிட்டது. எழுந்து நின்றபோது அந்த வண்டி வேண்டும் என்று மனசுக்குள் ஏதோ பிடித்துக்கொண்டது. சீமையில் ஆளை நிறுத்தி அளவெடுத்துச் செய்தது என்றார் அவர். எனக்கு நானே செய்துகொள்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கூலிக்குப் பதிலாக, வைத்திருந்த பழைய பல்சக்கரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பதினாறு பல். ஃபிரீவீல் இருக்கிற இடத்தில் அதைத்தான் மாட்ட வேண்டும்.

பட்டறை சிரித்தது. பக்கத்து மேடையில் குழாய் வளைக்கிற ஆள் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரன்.

“ஏல, கட்டில் செஞ்ச கையி. பாத்துக்கோ, பழக்கத்துல நாலு காலு வச்சிரப் போற.”

“நீ படுத்துக்கிடதுக்கு இல்லல, நான் ஓட்டுறதுக்கு” என்றேன்.

கட்டில் குழாய் கனம். அது ஆகாது. குர்லா பழைய இரும்புக் கடைகளில் சீமைச் சைக்கிள் உடைசல்கள் கிடக்கும். நகத்தால் சுண்டிப் பார்த்து, மெல்லிசாக ஒலிக்கிற குழாயாகப் பொறுக்கினேன். மூன்று உடைசலில் இருந்து ஒரு சட்டம். அளவெடுக்க எங்கள் சந்தில் இருந்த தையல்கார அண்ணாச்சியிடம் போனேன். அவர் டேப்பைத் தொடையிலிருந்து குதிகால்வரை பிடித்தார். கை நீளம், தோள் அகலம் எல்லாம் எடுத்து, சட்டை அளவு எழுதுகிற நோட்டிலேயே எழுதினார்.

“சைக்கிளுக்கு அளவு குடுக்க வந்த மொத ஆளு நீதான், தம்பி. காஜா எத்தன வைக்கணும்?”

வேலை முடிந்தபின் தினம் ஒரு மணி நேரம் மிஸ்திரி அனுமதித்தார். நாலு மாதம் ஆயிற்று. மிச்சமிருந்த கட்டில் பெயின்ட்டையே அடித்ததால் வண்டி ஆஸ்பத்திரி வெள்ளை. அந்த வெள்ளை வண்டியில் தாராவியிலிருந்து சயான் பாலம் ஏறி இறங்கிக் குர்லாவுக்குப் போய் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா, கிங் சர்க்கிள். அங்கே போலீஸ்காரர் கையைக் காட்டினால் எல்லோரும் கால் ஊன்றி நிற்பார்கள். நான் ஊன்ற மாட்டேன். பெடலை ஒரு விரற்கடை முன்னால், ஒரு விரற்கடை பின்னால் என்று அசைத்து, இரண்டு சக்கரத்தில் அப்படியே நிற்பேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் நிற்பதும்.

அடுத்த வருஷம் கல்யாணமாகி என் வீட்டுக்காரி தாராவிக்கு வந்து சேர்ந்தாள். பெட்டியை இறக்கி வைத்த கையோடு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எங்கள் சந்தில் எல்லாப் பெண்களும் வெள்ளிக்கிழமை புருஷன் சைக்கிளில் கேரியரில் உட்கார்ந்து மாட்டுங்கா கோயிலுக்குப் போவார்கள்.

“நல்லாத்தான் இருக்கு. எனக்கு எங்கன எடம் வச்சிருக்கிய?”

“கேரியர் போட்டா வண்டி கெட்டுப் போயிரும்.”

“செய்யும்போது ஒருத்தி வருவான்னு தோணவே இல்லியா?”

“அப்ப நீ இல்லியே.”

“இப்ப இருக்கம்லா.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் கேட்டாள். எனக்கு அந்தச் சட்டத்தில் ஒரு பட்டையை முறுக்கக்கூட மனசு வரவில்லை. நடந்தேதான் போனோம்.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் அன்றைக்கு எல்லாச் சாமானுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது. என் சைக்கிளும் நானே செய்த சாமான்தான், அதனால் அதற்கும் ஓய்வு என்று சொல்லி, கழுவித் துடைத்துச் சுவரோரம் நிறுத்தினேன். அவள் விடவில்லை.

“மெஷினுக்குத்தான் லீவு. வண்டின்னா எலுமிச்சம்பழம் நசுக்கி ஒரு சுத்து போவணும்லா. வழக்கத்த மாத்தாதிய.”

“சரி, நான் போயிட்டு வாரேன்.”

“தனியாவா? பூசை போட்டது நானு.”

இதற்கு மேல் என்ன சொல்ல. துண்டை மடித்து முன்பாரில் கட்டினேன். அவள் காலையிலிருந்து துலுக்கச் சாமந்தியில் தடிமனாக ஒரு சரம் கட்டி வைத்திருந்தாள். ஊரில் வாழை நாரில் கட்டுவார்கள், இழுத்தால் அறுந்துவிடும். இங்கே நாருக்கு எங்கே போவது? பாதி வழியில் அறுந்து விழுந்தால் நல்லதில்லை என்று, கோணி தைக்கிற நூலை முறுக்கிக் கட்டியிருந்தாள். அதை ஹாண்டில்பாரில் நாலு சுற்றுச் சுற்றி, மீதியைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, பாரில் பக்கவாட்டாக ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்துக்கு அடியில் பழம் நசுங்கியது. சந்தில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

அந்தச் சவாரியைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் கூந்தலில் எண்ணெய் வாசனையும் சாமந்தி வாசனையும் என் முகத்துக்கு நேரே. பாலம் ஏறும்போது நான் மூச்சு வாங்கினேன். “எறங்கிக்கிடவா?” என்றாள். “எறங்காத, இருட்டி” என்றேன். உச்சியில் காற்று வந்தது. இறக்கம் தொடங்கியதும் காலை எதிர்த்துப் பிடித்தபடி மெதுவாக இறக்கினேன். இரண்டு பேர் பாரம் முழுக்க என் காலில். “பயமா இருக்கா?” என்று கேட்டேன். “இன்னும் கொஞ்சம் வெரசாப் போனா என்ன?” என்றாள்.

கீழே டீக்கடையில் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. அவள் கேட்டதற்காகவா, அவர்கள் பார்ப்பதற்காகவா, பிடித்திருந்த காலை விட்டேன். பெடல் கண் மறைக்கிற வேகத்தில் சுற்றியது. அவள் இரண்டு கையாலும் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். மடியில் கிடந்த சரம் காற்றில் நழுவி வலது பக்கம் தொங்கி, செயினுக்குள் போயிற்று.

வேறு சைக்கிள் என்றால் மிதிப்பதை நிறுத்தியிருப்பேன், செயின் நின்றிருக்கும். இதில் சக்கரம் சுற்றச் சுற்றச் செயின் பூவை இழுத்துக்கொண்டே போனது. வாழை நாராக இருந்திருந்தால் அறுந்திருக்கும். கோணி நூல் அறுபடவில்லை. பல்சக்கரத்தில் சுருண்டு இறுகி, செயின் கழன்று, பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. இருவரும் ரோட்டில் கிடந்தோம்.

நான் எழுந்தேன். சைக்கிளைத் தூக்கினேன். முன்சக்கரத்தை உயர்த்திச் சுற்றிவிட்டு, ஃபோர்க் கோணியிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். அப்போது கைவண்டியில் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு வடக்கத்திப் பையா சொன்னார்:

“அரே அண்ணா, பெஹ்லே பாயி கோ தேக்கோ.”

முதலில் அந்த அம்மாவைப் பார் என்கிறார். திரும்பினேன். அவள் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் ரத்தம். ஒரு கை வளையல் முழுதும் உடைந்து கிடந்தது. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ. நான் போவதற்குள் அவளே எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்லியே?”

குத்தலாகக் கேட்டாளா, மெய்யாகவே கேட்டாளா, தெரியவில்லை.

“பஸ்ஸு வந்து ஏறிரும்னுதான் தூக்கினேன்” என்றேன்.

“ஆமா” என்றாள்.

அங்கிருந்து மாட்டுங்கா வரைக்கும் நான் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன், அவள் அந்தப் பக்கம் நடந்தாள். நடுவில் சைக்கிள். கோயிலில் சாமி கும்பிட்டாள். ஒரு டஜன் வளையல் வாங்கிக் கொடுத்தேன், போட்டுக்கொண்டாள். சண்டை இல்லை, முகம் தூக்கவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, போவோமா என்று நான்தான் கேட்டேன். சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். வண்டிப் பக்கம் பார்க்காமல் நடக்கத் தொடங்கினாள்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் பட்டறையில் பல்சக்கரத்தைக் கழற்றி, ஃபிரீவீல் மாட்டினேன். பிரேக் மாட்டினேன். என் கையாலேயே கேரியர் செய்து, கூர்மையில்லாமல் மூலைகளை ராவி, உட்கார மெத்தை வைத்தேன். வண்டி ஐந்தாறு கிலோ கூடியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கிர்ரென்ற சத்தம் பின்னாலேயே வந்தது. இறக்கத்தில் என் கால் சும்மா தொங்கியது. சந்துக்குள் நுழைந்ததும் அவள் எட்டிப் பார்த்தாள்.

“யாரு வண்டி?”

“நம்ம வண்டிதான்.”

“நம்ம வண்டி இப்பிடிச் சத்தம் போடாதே.”

“ஒனக்காகத்தான் மாத்தினேன். இந்தா, எடம். ஏறு.”

அவள் மெத்தையைத் தடவிப் பார்த்தாள். நல்லாச் செஞ்சிருக்கிய என்றாள். “நடந்தே போயிருவோம். எனக்கு நடக்கத்தான் பிடிச்சிருக்கு.”

அந்தக் கேரியரில் அதற்குப் பிறகு ரேஷன் அரிசி உட்கார்ந்தது, மண்ணெண்ணெய் டின் உட்கார்ந்தது, பிள்ளைகள் மூன்றும் உட்கார்ந்தன. அவள் உட்காரவில்லை. நானும் பழைய பல்சக்கரத்தை மறுபடி மாட்டவில்லை. மாட்ட ஒரு அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கையில் எடுப்பேன், மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு வைத்துவிடுவேன். மாட்டினால், எனக்கு வண்டிதான் முதல் என்று அவள் சொன்னது சரியென்று ஆகிவிடும் என்று ஒரு பிடிவாதம். அவளோ ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. செம்பூரில் பட்டறை போட்டுக் குடிவந்தபோது, மாட்டுத் தொழுவத்திலிருந்து பால் கொண்டுவருகிறவன் கேட்டான், கொடுத்துவிட்டேன். என் காலளவுக்குக் கட்டிய சட்டத்தின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, அது ரொம்ப நாள் எங்கள் தெருவில் கிர்ரென்று போய்க்கொண்டிருந்தது.

பல்சக்கரம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பட்டறைச் சாமானோடு சாமானாக அதற்கும் அவளே பொட்டு வைப்பாள். காருக்கு மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பாள். மற்ற நாளில் காரில் வராமல் இல்லை. மாட்டுங்காவுக்குக் காய் வாங்க, காட்கோபரில் மகள் வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் வருவாள். பூஜையன்று அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் வரமாட்டாள். போன பூஜைக்குக் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன்.

“அன்னிக்கு ஒன்னியத்தான் மொதல்ல தூக்கிருக்கணும்.”

எதைச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

“பஸ்ஸு வந்திரும்னுதானே தூக்கினிய” என்றாள். “நான் எந்திரிச்சுக்கிடுவேன்னு ஒங்களுக்குத் தெரியும்லா. போயிட்டு வாங்க, நல்ல நேரம் போவுது.”

அன்றைக்கு அந்த ரோட்டில் எந்த பஸ்ஸும் வரவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

நான் காரை எடுத்தேன். பழம் நசுங்கியது. தெருமுனை தாண்டிய இறக்கத்தில் காலை எடுத்தேன். வண்டி தன்பாட்டுக்கு உருண்டது.