காஜா பாய் கூட்டிப் போட்ட நாலு வயசு

காலையில் அக்கா மகன் கைபேசியில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தான். ஐரோப்பாவில் லாரி ஓட்ட ஆள் வேண்டுமாம். அங்கே ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டதாம், பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லையாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இதே பாட்டை இருபது வருஷத்துக்கு முன்பே கேட்டு, ஒரு மனிதரைக் கவிழ்த்தவன் நான்.

அப்போது விம்கோ நகர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் குமாஸ்தா வேலை. டீசலும் உப்புக்காற்றும் கலந்த அந்த வாடை எத்தனை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. துறைமுக வாசலில் ட்ரெய்லர்கள் இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் கிடக்கும். கிடந்து கிடந்து வெறுத்துப்போனவர் எங்கள் டிரைவர் காஜா பாய்.

"ஐரோப்பால க்யூவே கெடையாதாம் நைனா. கெயவனுங்கதான் ஓட்டிகினு கீறானுங்களாம். நம்மள மாதிரி ஆளு போனா தூக்கி வச்சிக்குவான்" என்பார்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ராயபுரத்து ஏஜென்ட் வைத்த சோதனையில், பாய் நீள ட்ரெய்லரை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தினார். பாஸ்போர்ட் பாரத்தை நான்தான் நிரப்பினேன். என் கையெழுத்தின் மேல் எனக்கு அப்படியொரு கர்வம். லைசென்ஸில் இருந்த பிறந்த தேதியை அப்படியே எழுதினேன். எல்லாக் காகிதமும் ஒத்துப்போக வேண்டும் என்று பாய்க்கு வகுப்பு வேறு எடுத்தேன்.

அந்தத் தேதியோ பொய். ஹெவி லைசென்ஸ் சீக்கிரம் கிடைக்க வயதைக் கூட்டிப் போடுவது எங்கள் பக்கத்து டிரைவர்களின் வழக்கம். பாய் பதினாறிலேயே இருபது ஆனவர். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதிய மடையன்.

நாற்பதுக்கு மேல் எடுப்பதில்லை என்று ஏஜென்ட் கடைசியில்தான் சொன்னான். பாய்க்கு நிஜத்தில் முப்பத்தெட்டு, காகிதத்தில் நாற்பத்திரண்டு.

"முடியெல்லாம் கறுப்பாத்தான் கீது சார், பாரு" என்று மன்றாடினார். கிழவர்கள் இருக்கிற ஊருக்கு இன்னொரு கிழவர் எதற்கு என்றான் அவன். வெளியே வந்த பாய் என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தார்.

யார்டு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. போன மாதம் டோல்கேட் பக்கம் ஒரு சந்து முனையில் பாயைப் பார்த்தேன். அறுபதை நெருங்கியும் அதே ட்ரெய்லர். பக்கத்து இருக்கையில் மாத்திரைக் கவர் மட்டும்.

"கிளீனர் எங்க பாய்?"

"எவன் வரான்? பசங்கல்லாம் பைக்ல சோறு டெலிவரி பண்ணப் பூட்டானுங்கோ. இங்கயும் கெயவனுங்கதான் ஓட்டிகினு கீறோம்."

வண்டியைச் சந்துக்குள் பின்னால் எடுக்க வேண்டும். "ரைட்ல வா, வா" என்று பின்னால் நின்று கத்த ஆளில்லை. நான் போய் நின்றேன். என் குரல் பாயின் காது வரை போகவேயில்லை.