ஒல்லாந்துக் குடியானவருக்கு வெள்ளிக்கிழமைப் பொட்டு

போன வெள்ளிக்கிழமை என் பெண்ணைப் பார்க்கப் பாகூரிலிருந்து வந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்புதான் தெரிந்தது... எங்கள் வீட்டுச் சாமி படம் சாமி படமே இல்லை!

சில மாதங்களுக்கு முன்பு, சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் பெட்டிகளை என் மாட்டுவண்டியில் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கினேன். பிரேம் போட்ட பழைய அச்சுப்படம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அறுத்த கதிர்க்கட்டின்மேல் சாய்ந்து, வாயைப் பிளந்து உறங்கும் ஓர் ஆள். காலடியில் கவிழ்ந்த ஜாடி. பக்கத்தில் தின்றுகொண்டிருக்கும் பன்றி. என்ன படம் என்று கேட்கக் கூச்சம் எனக்கு. துரை வீட்டுச் சாமியாக்கும் என்று என் மனைவி உறுவையாற்றில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டி, வெள்ளிதோறும் குங்குமம் வைத்துவந்தாள்.

அன்று காலை, பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் ஆபீஸில் எழுதுகிற என் மைத்துனன், படத்தின் அடியில் இருந்த பிரெஞ்சைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னா மாமா இது! ஒல்லாந்துல பட்டணத்துக்காரன் பாத்துச் சிரிக்கப் போட்ட படம். தூங்கறவன் சோம்பேறித்தனம். பன்னி பெருந்தீனி. கவுந்த ஜாடி குடி. எல்லாம் அடையாளம்!”

“அடப்பாவி... இத்தினி மாசமா குடிகாரனுக்கா பொட்டு வெச்சேன்?” என்றாள் அவன் அக்கா.

கழற்றலாம் என்று ஸ்டூலைத் தேடுவதற்குள் வாசலில் வண்டி மணி.

மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக் கள்ளென்றால் ஆகாது. அந்த வாடை அடித்த வீட்டில் கை நனைக்க மாட்டார். கை நனைக்காவிட்டால் சம்பந்தம் இல்லை! வந்தவர் நேராகப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“இவரு எந்தச் சாமிங்க?”

பொய் சொல்லவும் ஒரு தைரியம் வேண்டுமே? “சாமி இல்லீங்க. ஒல்லாந்து தேசத்துக் குடியானவரு” என்றேன்.

எழுந்துபோய் உற்றுப் பார்த்தார். “அறுத்து, கட்டெல்லாம் கட்டிட்டுத்தான் படுத்திருக்காரு.”

மைத்துனனால் சும்மா இருக்க முடியுமா? “அது சோம்பேறித்தனத்துக்கு அடையாளங்க...”

“யாருபா சொன்னது? கட்டு கட்டினவனா, படம் போட்டவனா?”

“அந்த ஜாடி—”

“கள்ளு குடிக்காம கவுத்துட்டாரு பாரு. நல்ல மனுசன்!” என்னைத் திரும்பிப் பார்த்தார். “இலையப் போடச் சொல்லுங்க.”

பட்டணத்திலிருந்து பார்த்தால் குடியானவன் ஓர் அடையாளம். குனிந்து அறுத்தவருக்கோ முதலில் தெரிவது அவன் இடுப்புவலி. இதற்குப் பிரெஞ்சு படிக்க வேண்டுமா என்ன?

சம்பந்தி பாயசம் மட்டும் நான்கு தரம் வாங்கினார். பிறகு படத்துக்கு நேர் கீழே, தூணில் சாய்ந்து, வாயைப் பிளந்து உறங்கிவிட்டார். காலடியில் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்து கிடந்தது.

குங்குமச் சிமிழோடு வந்த என் மனைவி, மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “யாருக்குங்க வெக்கறது?”