நாலு விரற்கடை உயரத்தில் ஒரு ஹெலிகாப்டர்

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால் முதல் போன் போலீசுக்கு, அடுத்தது அதியமான்கோட்டை முனிராஜுக்கு. இருபது வருடமாக மீட்பு கிரேன் ஓட்டுகிறார். வண்டி யாருடையது, எந்த ஊர் என்றெல்லாம் கேட்கமாட்டார். அவர் கேட்பது ஒன்றுதான்: உள்ளே என்ன லோடு?

பொழுதுபோகாமல் கேட்கிற கேள்வியில்லை அது. ஒருமுறை, தவிட்டு மூட்டை என்று டிரைவர் சொன்னதை நம்பித் தூக்கினார். மூட்டைகளுக்கு அடியில் கிரானைட் பலகைகள் கிடந்திருக்கின்றன, பாவி சொல்லவில்லை. தூக்கும் பெல்ட் அறுந்து, சுமை ஆடாமல் கயிறு பிடித்து நின்ற மைத்துனன் வெங்கடாசலத்தின் வலது கால் போய்விட்டது. இன்றைக்கும் செயற்கைக் காலோடு அவன்தான் கயிறு பிடிக்கிறான். வேறு ஆள் பிடித்தால் முனிராஜுக்குக் கை ஓடாது.

வடக்கு எல்லையில் போர் நடந்த வாரம், ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று பழுதாகிக் காரிமங்கலம் பக்கம் ஒரு காய்ந்த ஏரியில் இறங்கி, சக்கரம் முறிந்து சாய்ந்துவிட்டது. ராணுவத்தின் பெரிய கிரேன்களெல்லாம் வடக்கே போயிருந்தன. கூப்பிட்டார்கள் நம் ஆளை. மதியத்துக்குள் டிரெய்லரில் ஏற்றியாக வேண்டும் என்றார்கள்.

முனிராஜ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாலைத் தட்டிப் பார்த்தார். அட, தகர டப்பா மாதிரியல்லவா சத்தம் வருகிறது! இதுவா வானத்தில் பறந்தது என்று வியப்புத் தாளவில்லை. பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். அதிகாரி மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். மொத்த எடையைச் சொல்லிவிட்டு, உள்ளே எதுவும் இல்லை என்றார்.

நாலு விரற்கடைதான் தூக்கியிருப்பார். இடப்பக்கம் தாழ்ந்தது. அந்தப் பக்கம்தான் வெங்கடாசலம் நின்றான். முனிராஜ் மெல்ல இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இடது பக்கம் முந்நூறு கிலோவாச்சும் இருக்குதுங்க சார். என்னன்னு சொல்லுங்க, இல்லாட்டி எடுத்துருங்க."

சொல்லக்கூடாத விஷயம், போர் நேரம் என்றார் அதிகாரி. சுற்றிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள். ஆனாலும் முனிராஜின் சட்டைப்பையிலிருந்து சாவி வெளியே வரவில்லை. வெங்கடாசலம் வேறு, "தூக்கு மாமா, நான் பாத்துக்கறேன்" என்றான். அவனை முறைத்தார்.

அதிகாரி தள்ளிப்போய்ப் போனில் பேசினார். வந்ததும் இருவரையும் திரும்பி நிற்கச் சொன்னார். முதுகுக்குப் பின்னால் ஏதோ கனமாக உரசியபடி இறங்கியது. நாலு பேர் மூச்சுவாங்கினார்கள். திரும்பிப் பார்க்கச் சொல்லி முனிராஜின் கழுத்து கெஞ்சியது. ஏரிக்கரைப் பனைமரங்களை எண்ணிக்கொண்டு நின்றார்.

இம்முறை ஹெலிகாப்டர் மட்டமாக எழுந்தது.

வீட்டில் களியைத் தட்டில் வைத்தபடி மனைவி பூவிழி துளைத்தெடுத்தாள். குண்டா, மிஷினா, ஒரு ஓரமாகக்கூடவா பார்க்கவில்லை?

"என்ன இருந்துச்சுன்னு தெரியாது. முந்நூறு கிலோ இருந்துச்சு. அதுக்குக் கீழ உன் தம்பி நின்னான்."

பூவிழி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.