யசவதி தன் தலையைத் தானே மழித்தது

தன் பின்மண்டை எப்படி இருக்கும் என்று யசவதிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அதைப் பார்த்துக்கொள்ள சுசாரி இருந்தாள். "உன் மண்டை இருக்கே, மாட்டுவண்டி போற மண்பாதை தோத்துச்சு. ஒரு மேடு, ஒரு பள்ளம், நடுவுல ஒரு வாய்க்கா" என்று சுசாரி சொல்வாள். தன் தலையைப் பற்றி யசவதிக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். சகாய்ங் குன்றின்மேல் இருந்த அந்தப் பெண்துறவியர் மடத்தில் கண்ணாடி கிடையாது. முகம் பார்க்கிற ஆசை போனால் மற்ற ஆசைகளும் போகும் என்று யாரோ ஒரு காலத்தில் எடுத்துவிட்டார்கள். ஆசை போனதோ இல்லையோ, கண்ணாடி போய்விட்டது.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் முந்தின நாள் காலையில் மடத்தில் தலை மழிப்பார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருத்தி குனிய மற்றவள் மழித்து, பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். யாருக்கு யார் ஜோடி என்பது வந்த புதிதிலேயே அமைந்துவிடும். அதைப் பாதியில் யாரும் மாற்றிக்கொள்வதில்லை. யசவதிக்கு சுசாரி, சுசாரிக்கு யசவதி.

இருவரும் ஒரே நாளில் மடத்துக்கு வந்த பிள்ளைகள். யசவதி மழையே எட்டிப்பார்க்காத மேட்டுக்காட்டு ஊரிலிருந்து, கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவள். சுசாரி ஆற்றங்கரைக்காரி, புண்ணியம் சேரட்டும் என்று அவள் அம்மா கொண்டுவந்து விட்டாள். முதன்முதலாகத் தலை மழிக்கும்போது மயிர் தரையில் விழக்கூடாது, பெற்றவர்கள் வெள்ளைத் துணியில் ஏந்திக்கொள்ள வேண்டும். யசவதியின் அம்மாவிடம் துணி இல்லை. வெட்கப்பட்டு ஓரமாக நின்றவளை சுசாரியின் அம்மா கூப்பிட்டு, "அட, இதுக்கா முழிக்கிறே? அந்த முனையை நீ பிடி, இந்த முனையை நான் பிடிக்கிறேன்" என்றாள். இரண்டு பிள்ளைகளின் மயிரும் ஒரே துணியில் கலந்து விழுந்தது. தேம்பித் தேம்பி அழுத யசவதியைப் பார்த்து, வயதில் மூத்த சுசாரி சொன்னாள்: "அழாதடி. மொட்டைத் தலையோட அழுதா குரங்குக்குட்டி மாதிரியே இருக்கே." யசவதிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அன்றிலிருந்து சுசாரி அவளுக்கு அக்கா.

அன்றைக்கு அப்போதைய மடத்துத் தலைவி இருவருக்கும் ஐந்து சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். கேசா, லோமா, நகா, தந்தா, தசோ. தலைமயிர், உடம்புமயிர், நகம், பல், தோல். இவ்வளவுதான் நீ, இதில் என்ன அழகு, என்ன கர்வம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். முன்னாலிருந்தும் சொல்ல வேண்டும், பின்னாலிருந்தும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதை விளையாட்டாக ஆக்கிக்கொண்டன. கத்தி பிடிப்பவள் கேசாவில் தொடங்கி தசோவில் முடிப்பாள். மற்றவள் தசோவில் தொடங்கித் திரும்பி கேசாவுக்கு வருவாள். கடைசிக் கேசா வாயில் வந்ததும் குனிந்திருப்பவள் தலையை அடுத்த பக்கம் திருப்பிக்கொடுப்பாள். இருவருக்கும் முட்டிவலி வந்து, எழுந்திருக்க ஒருவர் தோளை ஒருவர் பிடிக்கிற வயதிலும் இந்த விளையாட்டு நடந்தது.

அக்கா தனக்கு மழிக்கிற கடைசி நாள் அதுதான் என்று தெரிந்திருந்தால் யசவதி இன்னும் கொஞ்சம் நேரம் குனிந்திருப்பாள். அன்று சுசாரி அவளுக்கு வழக்கத்தைவிட நிதானமாக மழித்தாள். காதுமடலை மடக்கிப் பின்னால் பார்த்தாள், திரும்பவும் மடக்கிப் பார்த்தாள். முடிந்ததும் யசவதி எழுந்து கத்திக்குக் கை நீட்டினாள்.

"எனக்கு வேணாம்டி. தலை வலிக்குது. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"முள்ளு முள்ளா நிக்குதே அக்கா."

"நிக்கட்டும் போ. எந்த மாப்பிள்ளை வந்து பாக்கப் போறான்?"

யசவதி சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மறுநாள் பௌர்ணமி. பிச்சை அரிசி வாங்க ஊருக்குள் போய்விட்டு, தட்டைத் தலையில் சுமந்துகொண்டு திரும்பி வந்தபோது சுசாரியின் பாய் சுருட்டி வைத்திருந்தது. அதன்மேல் இளஞ்சிவப்புத் துறவாடைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அந்தப் பழைய வெள்ளைத் துணி, அதற்குள் சவரக்கத்தி.

இப்போது மடத்துத் தலைவியாக, எல்லோருக்கும் பெரியம்மாவாக இருந்த குணசாரிதான் விஷயத்தைச் சொன்னார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"காலையில வந்து விழுந்து கும்பிட்டா. துறவை விடுறேன்னா. ஏம்மான்னு கேட்டேன். 'சாயங்காலம் பசிக்குது பெரியம்மா. சின்னப் பிள்ளையிலேர்ந்தே பசிக்குது. இனிமே என்னால முடியல'ன்னா. மொன்யுவாவுல தங்கச்சி நூடுல்ஸ் கடை வச்சிருக்காளாம். அங்க போயிட்டா."

"பசிக்குதுன்னா?"

"ஆமா. மதியத்துக்கு மேல சாப்பிடக் கூடாதுங்கறதை அவளால தாங்க முடியலையாம். நான் என்ன சொல்றது?"

யசவதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நோய் என்றால் மன்னித்திருப்பாள். யாராவது செத்து, அவர்கள் பிள்ளைகளை வளர்க்கப் போனாள் என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். பசியா? மதியத்துக்குமேல் யாருக்குத்தான் பசிக்கவில்லை? சாயங்காலம் கீழே ஊரில் பூண்டு வதக்கும் வாசனை குன்றேறி வரும்போது அவளுக்கும்தான் வயிற்றைச் சுருட்டியது. அக்கா பொறுத்துக்கொள்கிறாளே என்று அவளும் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள், ஒரே ஒருநாள், "எனக்கும் பசிக்குது அக்கா" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கலாம். அதை நினைத்தபோது கோபம் வடிந்து, அதைவிட மோசமான ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் எல்லோரும் தொட்டிக்குப் போனார்கள். யசவதி பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பாய்க்காரி பஞ்ஞாசாரி நல்ல மனசுக்காரி, வந்து கூப்பிட்டாள்.

"வா யசா, எங்க ரெண்டு பேரோட சேந்துக்கோ. ஒரு தலைக்கு ரெண்டு தலையா மழிச்சா கை ஒண்ணும் தேஞ்சிடாது."

"வேணாம். அவ வந்துடுவா."

"வந்தா வரட்டுமே. அதுவரைக்கும் காடா வளத்துக்கப் போறியா?"

துறவை விட்டவர்கள் திரும்ப வருவது உண்டு. வீட்டுச் சண்டை, மருமகள் சண்டை, அலுப்பு, ஏதாவது ஒன்று திருப்பி அனுப்பும். அக்கா வரும்போது அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தால்? மடத்தில் ஜோடியை மாற்றுவதில்லை என்றால் மாற்றுவதில்லைதான். பஞ்ஞாசாரியின் கை ஒருமுறை தலையில் பட்டுவிட்டால் அக்கா போனது போனதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

தலையில் வெள்ளையும் கறுப்புமாக முடி முளைத்தது. ஊருக்குள் அரிசி வாங்கப் போனால் வீட்டுப் பெண்கள் தட்டில் அரிசியைப் போட்டு, அவள் ஆசி சொல்லி முடித்ததும் எப்போதும்போல் கைகூப்பி "சாது, சாது, சாது" என்று சொன்னார்கள். நல்லது, நல்லது என்று துறவிக்கு வீட்டு மனுஷர் சொல்கிற பதில் அது. ஆனால் பார்வை அவள் நெற்றிக்குமேலேயே நின்றது. "சயாலே, உடம்பு முடியலையா?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். துறவிப் பெண்களை ஊரார் சயாலே என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த மரியாதைக்குத் தன் தலை பொருத்தமாக இல்லை என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பெரியம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"இங்க பாரு யசவதி. பௌர்ணமி வருது. ஒண்ணு தலையை மழி, இல்லாட்டி நீயும் ஒரு பூப்போட்ட லுங்கியைக் கட்டிக்கிட்டு அவ பின்னாலயே போ. ரெண்டுங்கெட்டானா என் மடத்துல யாரும் இருக்க வேணாம்."

"நானே மழிச்சுக்கறேன் பெரியம்மா."

"நீயேவா? பின்னாடி எப்படிப் பாப்பே?"

"பாக்காமத்தான்."

எல்லோரும் ஆடை துவைக்கப் போன பிறகு யசவதி தொட்டிக்கரையில் தனியாக உட்கார்ந்தாள். முன்னந்தலையில் கஷ்டமில்லை. சோப்பைக் குழைத்துப் பூசி, நெற்றியிலிருந்து மேல்நோக்கி இழுத்தால் கத்தி தானாகப் போயிற்று. உச்சிக்கு வந்ததும் திகைத்துவிட்டாள். ஒரு பக்கம் வழுக்கிப்போன கத்தி, ஒரு விரல் தள்ளினால் எதிர்முடியில் இடித்து நின்றது. இடது கைவிரலை முன்னால் அனுப்பித் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் உச்சியில் இரண்டு சுழிகள் இருந்தன. இத்தனை காலம் தன்கூடவே இருந்த சுழிகளை அவள் அன்றுதான் கண்டுபிடித்தாள். அக்காவுக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் அப்படி என்று ஒவ்வொரு முறையும் கத்தியைத் திருப்பியிருப்பாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

விரல் முன்னால் போக, கத்தி பின்னால் போக, மெல்லக் கழுத்துவரை இறங்கினாள். வேலை படிகிறது என்று கொஞ்சம் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. "கேசா, லோமா, நகா, தந்தா, தசோ." சொல்லிவிட்டு நின்றாள். தொட்டியில் தண்ணீர் சொட்டியது. பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கே உறைத்தது. சரி, நாமே சொல்லி முடித்துவிடுவோம் என்று "தசோ, தந்தா, நகா, லோமா" என்று இறங்கி வந்தாள். "கேசா" என்றதும் கழுத்து தன் பழக்கத்தில் வெடுக்கென்று திரும்பியது. கத்தி அவள் கையில்தான், காதுக்குமேல் வைத்தபடி இருந்தது.

ரத்தம் காதுக்குள் வழிந்தது. தலையில் வெட்டினால் சின்னக் காயத்துக்கும் ஊரைக் கூட்டுகிற ரத்தம் வரும். அந்த வெள்ளைத் துணியை எடுத்து அழுத்திக்கொண்டு யசவதி அழுதாள். வலிக்காக அழவில்லை. அக்கா அக்கா என்று, பெற்றவள் மடத்துப் படியில் விட்டுவிட்டுப் போன பிள்ளையைப்போல அழுதாள். மொட்டைத் தலையோடு அழுதால் எப்படி இருக்கும் என்று சொல்லக்கூட அங்கே யாரும் இல்லை.

பிறகு அதுவே வழக்கமாயிற்று. காயமில்லாமல் மழிக்க அவளுக்குச் சில மாதங்கள் பிடித்தன. "கோழி கொத்தின பூசணிக்காய்" என்று பஞ்ஞாசாரி கேலி செய்தாள். ஐந்து சொற்களை மட்டும் யசவதி வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஞானம் வந்து தனியாக மழித்துக்கொள்கிறாள் என்று சிறுபெண்கள் பெருமையாகப் பேசினார்கள். ஞானமாவது மண்ணாவது. அக்காவின் இடம் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்கால நோன்பு முடிந்து, பெரியவர்களைத் தேடிப்போய் வணங்குகிற நாட்கள் வந்தன. யசவதி தொட்டிக்கரையில் தலையை மழித்து முடித்துவிட்டு எழுந்தபோது, ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வாசலில் ஒரு பெண் நின்றாள். பச்சை லுங்கி, கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டையை உரசிப் பூசிய வட்டம், காதை மூடும் அளவுக்கு வளர்ந்த நரைமுடி. சதை பிடித்திருந்தாள். நடையைப் பார்த்துத்தான் யசவதிக்கு அடையாளம் தெரிந்தது.

"அக்கா!"

கால் மடங்கிவிட்டது. அந்த நாளில் அக்காவின் காலில் விழுந்து வணங்குவது அவளுக்கு வருஷா வருஷம் வழக்கம். பெரியம்மா உள்ளேயிருந்து இருமினார். யசவதி பாதியில் நின்றாள். அதற்குள் சுசாரி பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, முட்டி வலிக்க வலிக்கக் குனிந்து, நெற்றி தரையில் பட அவளை வணங்கினாள். அவள் இப்போது வீட்டு மனுஷி. துறவி அவளை வணங்கக்கூடாது, அவள்தான் துறவியை வணங்க வேண்டும்.

"நூடுல்ஸ் கொண்டாந்தேன் சயாலே. மதியத்துக்குள்ள எல்லாரும் சாப்பிட்டுடணும்" என்றாள்.

சயாலே என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததும் யசவதி திரும்பிப் போய்த் தொட்டிக்கரையில் உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன். மொத நாள் சாப்பிட்டு வாந்தி எடுத்தேன்." சுசாரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது; கண் யசவதியின் தலைக்குப் போயிருந்தது. "யாரு மழிச்சா?"

"நான்தான்."

"காதுக்கு மேல என்ன தழும்பு?"

"பழசு."

"பின்னாடி ஒரு திட்டு விட்டுப்போச்சு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே சுசாரி பழக்கத்தில் கையை நீட்டினாள். தலைக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கை நின்றது. துறவியின் தலையை வீட்டு மனுஷி தொடக்கூடாது. அந்த மண்டையின் ஒவ்வொரு மேட்டையும் அறிந்த கை, காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மடிக்குத் திரும்பியது.

"தொடேன்" என்று யசவதி கெஞ்சியிருப்பாள். பெரியம்மாவின் இருமல் தடுத்தது.

"கத்தியை எடுங்க. நான் சொல்றேன்" என்றாள் சுசாரி. "துணி இருக்கா?"

அந்த வெள்ளைத் துணியில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. சுசாரி அதைப் பார்த்தாள். இரு முனைகளையும் இரண்டு கைகளிலும் பிடித்து, யசவதியின் பின்னால் முட்டி போட்டு ஏந்தினாள், அவள் அம்மா ஏந்தியதுபோல. "இன்னும் கீழ. இல்ல, இடது பக்கம். ரெண்டாவது சுழிக்குப் பக்கத்துல. ஆங், அங்கதான்."

கத்தி இழுபட்டது. கொஞ்சம் நரைமுடி துணியில் விழுந்தது. அக்கா பின்னால் இருக்கிறாள், மூச்சுச் சத்தம் கேட்கிறது. கேட்டால் இன்றைக்கே தங்கிவிடுவாளோ என்னவோ. எப்படிக் கேட்பது? அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டாள்.

"கேசா, லோமா, நகா, தந்தா, தசோ."

கத்தியைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். கழுத்து திரும்பத் தயாராக இருந்தது. பின்னால் சுசாரி மூச்சை இழுப்பது கேட்டது. துணியைப் பிடித்த கைகளை அப்படியே நெற்றிக்கு உயர்த்தி, அரிசி போட்டு அனுப்புகிற எந்த வீட்டு வாசலிலும் கேட்கிற குரலில் அவள் சொன்னாள்:

"சாது, சாது, சாது."

யசவதி தலையைத் திருப்பவில்லை.