செவ்வந்தியின் இடது பெருவிரல்

1972 செப்டம்பர் 14, வியாழக்கிழமை, காலை 7.45. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் மதகருகில், நடவுக்குப் போய்க்கொண்டிருந்த செவ்வந்தி என்ற பெண்மீது ஊர் மிராசுதாரின் கார் மோதியது. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

இதற்குப் பிறகு நான் எழுதுவதும் நடந்ததுதான். சாட்சிக் கூண்டில் நின்றபோது இதில் பாதியைச் சொல்லாமல் விட்டேன்.

அப்போது நான் தஞ்சாவூரில் வக்கீல் முகம்மது யூசுப்பிடம் குமாஸ்தா. நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். கூலித் தகராறு முற்றிய ஊர். மிராசுதாருக்கு எதிராகச் சாட்சி தேடியே காலம் போய்விட்டது. கெடுவுக்கு முந்தின நாள், மார்ச் 13, டைப் செய்த மனுவைக் கொடுத்து, செவ்வந்தியின் கைரேகை வாங்கி வர என்னை அனுப்பினார்.

"வலது பெருவிரல்யா. பழக்கத்துல இடதுன்னு கேட்டு வைக்காத."

தெருவுக்குள் நுழைந்தபோது மணி 1.20. ஆள் நடமாட்டம் இல்லை. எல்லாரும் உளுந்து பறிக்கப் போயிருந்தார்கள். நாய்கூடக் குரைக்கவில்லை.

செவ்வந்தியின் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

"வக்கீல் ஆபீஸ்லேருந்து வர்றேம்மா. ரேகை வேணும்."

வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

கதவிடுக்கில் ஒரு கை வந்தது. தரையை ஒட்டி வந்தது. படுத்திருக்கிறாள், அந்நிய ஆண் முன்னால் வரக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நகக்கண்ணில் சேறு. ஈரச் சேறு... வயல் காய்ந்து ஒரு மாதமாகியிருந்தது.

விரல் சில்லென்று இருந்தது. மை தடவி மனுவில் அழுத்தினேன். கையை எடுக்கப் போனேன்.

அது என் விரலைப் பிடித்துக்கொண்டது.

பிடித்தபடியே இருந்தது...

பிறகு விட்டது.

மதகுவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். 1.40. மனுவைப் பிரித்தேன். ரேகை தெளிவாக இருந்தது. அப்போதுதான் அந்தக் கை மறுபடி கண்முன் வந்தது. எதிரே இருப்பவர் வலது கையைக் கவிழ்த்து நீட்டினால், பெருவிரல் என் வலப்பக்கம் இருக்கும்.

இது இடப்பக்கம் இருந்தது.

வரப்பில் இரண்டு பேர் வந்தார்கள். செவ்வந்தியும் அவள் கணவன் தங்கையனும். அவளுடைய இடது ரவிக்கைக் கைக்குக் கீழே முந்தானை சுற்றியிருந்தது.

"வீட்டுல யாரும்மா இருக்கா?"

"யாருங்க இருப்பா? பூட்டிட்டுல்ல வந்தோம். திருடன் வந்தாலும் எங்ககிட்ட குடுத்துட்டுத்தான் போவணும்."

மூவரும் போய்ப் பார்த்தோம். பூட்டு தொங்கியது.

நான் வாசலிலேயே நின்று அவளுடைய வலது பெருவிரல் ரேகையை வாங்கினேன். தங்கையனைத் தனியே அழைத்து, வெட்டிய கையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"துணியில சுத்திக் குடுத்துட்டாங்க. கொல்லையில பொதைச்சா நாய் நோண்டிடும். அதான் வீட்டுக்குள்ளயே, கதவோரமா..."

அவன் முடிக்கும் முன் நான் நடந்துவிட்டேன்.

வக்கீலிடம் எதையும் சொல்லவில்லை. முதல் ரேகை தவறிப் பட்டது என்றேன். தாளை மாற்றாமல், திருத்தத்துக்குச் செய்வதுபோல் அடித்துச் சுருக்கொப்பம் போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் மனு தாக்கலானது.

மிராசுதாரின் வக்கீல் அந்த அடித்த ரேகையைப் பிடித்துக்கொண்டார். 1971இல் தாசில்தார் முன்னிலையில் எழுதிய கூலி உடன்படிக்கையில் தொழிலாளர்கள் எல்லாரும் இடது பெருவிரல் வைத்திருந்தார்கள். செவ்வந்தியும் வைத்திருந்தாள். இரண்டையும் ரேகை நிபுணருக்கு அனுப்பினார்கள்.

ஒரே விரல் என்று அறிக்கை வந்தது.

அடித்த ரேகை யாருடையது என்று கூண்டில் என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

விபத்துக்கு முன்பே வெற்றுத்தாளில் ரேகை வாங்கி வைத்து மனுவை ஜோடித்திருக்கிறார்கள், சாட்சிகளும் நம்பத்தக்கவர்கள் அல்ல என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. 1975 ஜனவரி 21 அன்று மனு தள்ளுபடி ஆனது. செவ்வந்திக்கு எதுவும் கிடைக்கவில்லை.