3 + 4i-க்காக ஒரு சண்டை

இந்த வாரம் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ஆரணியில் ஒரு டியூஷன் சென்டரில் சண்டை போட்டுவிட்டு வந்த படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

பக்கத்து வீட்டு நித்யா பிளஸ் டூ படிக்கிறாள். அப்பா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். பெண்ணுக்கு இன்ஜினீயரிங் ஆசை. அவளைப் போய் அந்த சென்டரில் 'சென்டம் பேட்ச்'சிலிருந்து 'பாஸ் பேட்ச்'சுக்குத் தள்ளிவிட்டார்கள். பாஸ் பேட்ச் என்றால் தெரியுமில்லையா? கஷ்டமான பாடங்களை அங்கே நடத்தவே மாட்டார்கள்.

அப்படி என்ன குற்றம் செய்தாள்? 3 + 4i என்று ஒரு கலப்பெண். அதன் மெய்ப்பகுதி 3. கற்பனைப் பகுதி? நித்யா 4 என்று எழுதினாள். டியூஷன் கணக்கு சார் அந்த விடையை அடித்துவிட்டு 4i என்று திருத்தினார். இவள் எழுந்து "4 தான் சார்" என்றிருக்கிறாள்... அவ்வளவுதான், பேட்ச் மாறிவிட்டது.

"ஏன் 4-னு எழுதின?" என்று கேட்டேன்.

"அப்பா கிராஃப்ல டிசைன் போடறப்ப பாத்துகினு இருப்பேன் ஆன்ட்டி. ஒரு பூவுக்குக் குறுக்க மூணு கட்டம், மேல நாலு கட்டம். மேல எத்தினின்னு கேட்டா நாலுன்னுதான சொல்லுவோம்? i எந்தப் பக்கம்னு காட்டுது. எத்தினின்றது 4 தான்."

சரியாகத்தானே சொல்கிறாள்?

அரசுப் பாடப்புத்தகத்தோடு அவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். x + iy-யில் கற்பனைப் பகுதி y என்று அச்சிலேயே இருக்கிறது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது; கரும்பலகையில் அதே கணக்கு, கற்பனைப் பகுதி 4i என்று. சார் வாசலுக்கு வந்து படித்துப் பார்த்தார். அசரவில்லை.

"புக்கு கரெக்டுதாங்க மேடம். ஆனா எங்க கைடுல 4i-ன்னு போட்டுட்டோம். எல்லாரும் அதைத்தான் படிச்சுகினு இருக்காங்க. இப்ப மாத்தினா பேஜாருங்க."

யாருக்குப் பேஜார்? தப்பு என்று தெரிந்தே சொல்லிக்கொடுப்பாராம், சரியாக எழுதியவள் மட்டும் பின்னால் போக வேண்டுமாம். நம் ஊரில் ஒரு தப்பை எல்லோரும் சேர்ந்து செய்தால் போதும் — அது சிலபஸ் ஆகிவிடுகிறது. நன்றாகவே கத்தினேன்.

கடைசியில் இறங்கி வந்தார். "சரிம்மா, பழைய பேட்ச்லயே உக்காரு. நீ 4-ன்னே எழுதிக்க. மத்தவங்ககிட்ட மட்டும் சொல்லிகினு இருக்காத."

நித்யா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நேராகக் கரும்பலகைக்கு. வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, 4i-யில் இருந்த i-ஐ மட்டும் விரலால் அழித்துவிட்டு, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

சார் மறுபடி எழுதினால் சொல் என்றிருக்கிறேன் — எனக்கு இன்னும் தொண்டை இருக்கிறது.